ஒற்றை டிக்

பலகையில் எண் மாறுகிறது. என்னுடையது இல்லை. மாறும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கிறது, மைக்ரோவேவில் சோறு சூடானதும் வருமே அதே சத்தம், ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்த் தட்டை எடுக்க வேண்டும் என்று கால் நினைக்கிறது. அப்புறம்தான் இது வலென்சியாவில் இருக்கும் வெளிநாட்டவர் அலுவலகம், நான் மாணவி என்ற அட்டையைக் கொடுத்துவிட்டு இங்கிருந்தபடியே வேறு நாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள் என்ற அட்டையை வாங்க வந்திருக்கிறேன் என்பது ஞாபகத்துக்கு வருகிறது. மடியில் பை. பைக்குள் தாள்கள், கேட்ட வரிசையில் கேட்டபடி, மொழிபெயர்த்து முத்திரை குத்தி. தாள்களுக்குப் பின்னால் லேப்டாப். அது இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது, பையின் துணி வழியாகத் தொடையில் அந்தச் சூடு தெரிகிறது, அதுவும் ஏதோ பக்கத்து சீட்டுக்காரியின் தொடையில் தெரிகிற மாதிரிதான் தெரிகிறது. கிளம்புவதற்கு முன் வழக்கம்போல் ஈரோட்டு ஆபீசுக்குள் நுழையப் பார்த்தேன், நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேனோ என்று நிறுத்தி நிதானமாக அடித்தேன். பிறகு வேகமாக அடித்தேன், வேகமாக அடித்தால் அது யோசிக்காமல் விட்டுவிடும் என்பதுபோல. ஆபீஸ் மெயிலும் திறக்கவில்லை. ஆபீசில் கூட வேலை பார்க்கும் தாரணிக்கு வாட்ஸப்பில் 'சர்வர் என்ன ஆச்சு' என்று கேட்டேன். ஒற்றை டிக். முதலாளி நாச்சிமுத்து சாருக்கு 'குட் மார்னிங் சார்' என்று மட்டும் போட்டேன், அதுவும் ஒற்றை டிக். பல்லைத் தேய்த்து, தலையைச் சீவி, பஸ்ஸைப் பிடித்து வந்து உட்கார்ந்துவிட்டேன். பயம் வரும் என்று பார்த்தேன். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைக் கடித்தால் கடிபடுவது தெரியும், வலிக்காது, அப்படித்தான் இருக்கிறது.

எங்களோடு வேலை பார்த்த பூபதிக்கு இப்படித்தான் நடந்தது. ஆடி மாதம். காலையில் அவன் வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே உள்ளே நுழையப் பார்த்திருக்கிறான், நுழைய முடியவில்லை, நெட் சரியில்லை என்று நினைத்து மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான், தாரணியைக் கூப்பிட்டு "உனக்கு வருதா?" என்று கேட்டிருக்கிறான். அவளுக்கு வந்தது. மதியம் நாச்சிமுத்து சார் அவனைக் கூப்பிட்டு, "பூபதி, வாங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டு வரலாம்" என்றாராம். எங்கள் கம்பெனியில் டீ என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். முதலில் கதவு, அப்புறம் டீ. எனக்குக் கதவு சாத்தியாயிற்று, டீக்கு வழியில்லை, நடுவில் இரண்டு மூன்று கடல் இருக்கிறது. ஆனால் சர்வரே நின்றுபோயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், கதவைச் சாத்திவிட்டார்களா வீட்டில் ஆளே இல்லையா என்று தெருவில் நிற்கிறவளுக்குத் தெரியாது. ஒற்றை டிக்கும் அப்படித்தான். போனை அணைத்து வைத்திருந்தாலும் ஒற்றை டிக், என்னைத் தடுத்து வைத்திருந்தாலும் ஒற்றை டிக். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போனை அணைத்து வைப்பார்களா, அதுவும் அங்கே நடுப்பகல் நேரத்தில், அதுவும் வேலைநாளில். மற்றவர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். போடவில்லை. எல்லாருக்கும் ஒற்றை டிக் விழுந்தால் என்ன செய்வது என்று போடவில்லை, இரண்டு டிக் விழுந்தால் என்ன செய்வது என்றும் போடவில்லை. இங்கே போனை எடுத்துப் பேசக் கூடாது என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்ததும் நிம்மதியாகப் போனை சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டேன். சட்டத்தை மதிக்கிற பெண் என்று யாராவது பார்த்திருந்தால் நினைத்திருப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை சார் ஒரு மாதிரியாகத்தான் பேசினார். மஞ்சள் மண்டிகளுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது, அதில் நான் செய்த ஒரு திருத்தத்தால் ஒரு மண்டியில் மூட்டைக் கூலி இரண்டு தடவை விழுந்துவிட்டது, மண்டிக்காரர் நேரில் வந்து மேசையைத் தட்டியிருக்கிறார். அதைச் சரிசெய்தாயிற்று. சரிசெய்ததைச் சொல்லத்தான் வீடியோவில் வந்தேன். அவர் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டே, "அதுக்கென்ன, உடுங்க. உங்ககிட்ட வேறொண்ணு பேசோணும் அம்மிணி. அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றார். என்ன சார் என்று கேட்டேன். "இல்ல இல்ல, அடுத்த வாரம்தான் பேசோணும்" என்றார். அந்த 'தான்'. நல்லது சொல்கிறவர் எதற்கு ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். அவர் எதையும் உடனே செய்கிற ஆள் கிடையாது என்பதும் உண்மை. நான் அங்கே நேரில் உட்கார்ந்து வேலை பார்த்த காலத்தில் புது சர்வர் வந்து இறங்கியபோது அதை அட்டைப்பெட்டியிலேயே இரண்டு நாள் வைத்திருந்தார், நாள் நன்றாக இல்லையாம். நல்ல நேரம் பார்த்துத்தான் பெட்டியைப் பிரித்தார், பிரித்து வைத்துவிட்டு அதன் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக் காலால் மிதித்தார், புது லாரிக்கு டயரில் வைத்து ஏற்றுவார்களே அந்த மாதிரி. சர்வரை ஏற்ற முடியாது, அதனால் அவரே ஏறினார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். எல்லாரும் கிளவுடுக்குப் போய்விட்டார்கள் சார், நாமும் சர்வரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "நம்ம பொருளு நம்மூட்ல இருக்கோணும்" என்பார். நம்ம பொருள் நம்ம வீட்டில். அப்படிச் சொல்கிறவர்தான் என்னை இவ்வளவு தூரத்தில் வைத்து வேலை வாங்குகிறார். எனக்காக அந்தக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். 'கோகிலவாணி எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார், அவர் தாம் வசிக்கும் இடத்திலிருந்தே தொடர்ந்து பணிபுரிய எங்களுக்குச் சம்மதம்.' அது பைக்குள் இருக்கிறது. நேற்றுவரை அது உண்மை.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்காருகிறாள், பெருவோ பொலிவியாவோ, மடியில் சின்னப் பெண் குழந்தை. "எந்த எண் போகுது?" என்று கேட்கிறாள். பலகையைக் காட்டுகிறேன். காட்டியபிறகுதான் காலையிலிருந்து என் வாய் திறக்கவே இல்லை என்பது தெரிகிறது. குழந்தையின் கையில் ஒரு பொட்டலம், சோளத்தில் செய்த உப்பலான ஏதோ ஒன்று, வாயில் போட்டால் சத்தமில்லாமல் கரையும். அந்த வாசனை என் பக்கம் வருகிறது. வாசனைகூட இல்லை, வறுத்த தானியத்தின் மேலே இருக்கும் ஒரு வெறுமை, அவ்வளவுதான். ஆனால் வாயில் எச்சில் ஊறிவிட்டது. பொரி. பொரியும் பொட்டுக்கடலையும், நடுவில் தேங்காய்ச் சில்லு, நாட்டுச்சர்க்கரை ஈரத்தில் அங்கங்கே கட்டியாகிப் பொரியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கட்டியைத் தேடித் தேடி எடுப்போம் நானும் அண்ணனும். அப்பா ஆபீசிலிருந்து மஞ்சள் துணிப்பையில் கொண்டுவருவார். மின்வாரியத்தில் அவர் லைன் இன்ஸ்பெக்டர். எதற்கு இன்றைக்குப் பார்த்துப் பொரி ஞாபகம். மூன்று வருஷமாக இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன், பொரிக்கு ஒருநாளும் ஏங்கியதில்லை, பிரியாணிக்குக்கூட ஏங்கியதில்லை. வேலை போயிருக்கலாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு அதிகாரியின் முன்னால் உட்கார வேண்டும், இதில் எனக்குப் பொரி கேட்கிறது. குழந்தை என்னையே பார்க்கிறது. ஒன்றை எடுத்து நீட்டுகிறது. வேண்டாம் என்று தலையாட்டுகிறேன், அதன் அம்மா "வாங்கிக்கங்க, இல்லேன்னா அழுவா" என்கிறாள். வாங்கி வாயில் போடுகிறேன். உப்பு. பொரி இல்லை.

பையில் போன் நடுங்குகிறது. ஒரு நொடி தாரணியோ என்று நெஞ்சு எழுகிறது, எழுந்தது பிடித்திருந்தது, ஏதோ ஒன்று இன்னும் வேலை செய்கிறது. எடுத்துப் பார்த்தால் அம்மா. கோபியில் இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பாள். நான் எடுத்தால் சாப்பிட்டியா என்று கேட்பாள், அப்புறம் இன்னைக்குத்தானே அந்தப் பேப்பர் என்று கேட்பாள், குரலை வைத்தே எதுவோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். நடுங்கி முடியும்வரை கையில் வைத்திருக்கிறேன், ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல, அடங்கியதும் திரும்பப் பைக்குள் விடுகிறேன்.  படிப்பு முடிகிறது, அட்டையை மாற்ற வேண்டும், வேலை ஈரோட்டுக் கம்பெனியில்தான், எங்கே இருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நான் விளக்கியபோது அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கிருந்து வேணாலும் பாக்குற வேலைன்னா இங்கிருந்தே பாரு அம்மிணி" என்றாள். அவ்வளவுதான். கோபப்படவில்லை, அழவில்லை. கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் வந்துவிடும். அந்த ஊர் வேலையை நான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன், அதற்கு இந்த நாட்டிடம் அனுமதி கேட்டு நிற்கிறேன். வேலை இந்த நாட்டில் இருக்கக் கூடாது, ஆள் இந்த நாட்டில் இருக்க வேண்டும், அதுதான் இந்த அட்டையின் சட்டம். என் விஷயத்தில் சட்டத்தில் ஒரு சந்து பொந்து இல்லை. அம்மாவின் பேச்சிலும் இல்லை. மாடி அறைக்கு வெள்ளையடித்து, நெட் இழுத்து, ஒரு மேசையும் வாங்கிப் போட்டிருக்கிறாளாம், "சும்மா கெடக்கட்டும், நீ வந்தா வா, வராட்டி அரிசி மூட்டை வெச்சுக்கறேன்" என்றாள்.

ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால். யாரும் கேட்க மாட்டார்கள், அதற்காகத்தானே இங்கே வந்தேன். கோபியில் பால் வாங்கப் போனால்கூட ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். இன்னும் எதுவும் அமையலையா, ஜாதகத்துல ஏதாச்சும் இருக்குதா, அண்ணன் பாக்கறாப்பலயா பாக்காம இருக்கறாப்பலயா. அப்பா போனபிறகு கேட்கிறவர்கள் இன்னும் கூடினார்கள், அவர் இருந்தவரை அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் விட்டுவைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் தெருவில் நடக்கையில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதே வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது. கடைக்காரி ஒரு காபியா என்பாள், ஆமாம் என்பேன். அந்த மோர் எப்போது புளித்தது என்று தெரியவில்லை. ஆகஸ்டில் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன், ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது, காய்ச்சலிலும் லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு மண்டிக்காரர்களின் பில்லைப் பார்த்தேன், நாலைந்து நாள் கழித்து ரொட்டி வாங்கப் போய் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை, பேசாமலே இருந்ததால் வந்தது அது. கடைக்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன். நான் யாருக்கும் வேண்டாதவளாக இருக்கிறேன் என்று அன்றைக்கு ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நினைத்தேன், நினைத்தபோது வலித்தது. இப்போது அதை நினைத்தால் வலி எங்கே இருந்தது என்று இடம் மட்டும் தெரிகிறது.

வேலை போயிருந்தால். அதை முழுக்க யோசித்துப் பார்க்கலாம், உட்கார்ந்துதானே இருக்கிறேன். வேலை இல்லையென்றால் கடிதம் பொய், கடிதம் பொய்யென்றால் இந்த அட்டை இல்லை, மாணவி அட்டையும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அறையைக் காலி செய்ய வேண்டும். குக்கரைக் கொடுத்துவிடலாம். கம்பளியைக் கொடுத்துவிடலாம். கோயமுத்தூரில் இறங்கினால் அண்ணன் காரோடு நிற்பான், "எளைச்சுட்ட போ" என்பான். அம்மா வாசலில் நிற்பாள். வெள்ளையடித்த அறை. அரிசி மூட்டை வந்திருக்காது. ஏன் வந்தாய் என்று கேட்பவர்களிடம் வேலை போய்விட்டது, விசா தரவில்லை என்று சொல்லலாம், அது மாதிரி மரியாதையான காரணம் வேறு கிடையாது, தோற்றுப்போய் வந்தவளைக் கொஞ்ச நாளாவது விட்டுவைப்பார்கள். நானாக வந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நிற்கிறது. நாக்கு பல்லிடுக்கில் எதையோ தொட்டுவிட்டு வந்த மாதிரி. திரும்பிப் போய்த் தொடுகிறது. நானாக வந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அது பயம்போல் இல்லை. அது என்ன என்று பார்ப்பதற்குள் மணி அடிக்கிறது, பலகையில் என் எண், கூடவே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "சென்யோரா சென்னியப்பன்."

அது என் அப்பா பெயர். இந்த நாட்டில் அதுதான் நான், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைத்தானே போடுகிறோம், இவர்கள் அதைத்தான் கூப்பிடுவார்கள். திருமதி சென்னியப்பன் என்றால் எங்கள் வீட்டில் அது அம்மா. அம்மா ஒருநாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. "உங்கப்பா", "அவிய", அவ்வளவுதான். அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோயாளி பேர் என்ன என்று கேட்டார்கள், அவள் கவுண்டரில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள், சொல்லு என்று. நான் சொன்னேன். இங்கே மூன்று வருஷமாக வங்கியில், கல்லூரியில், பல் டாக்டரிடத்தில், யார் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் எழுந்து எழுந்து போகிறேன். பக்கத்து சீட்டுக்காரியின் குழந்தை கையசைக்கிறது. நானும் அசைத்துவிட்டு நடக்கிறேன்.

அதிகாரி என் அம்மா வயதுக்காரி, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். உட்காரச் சொல்கிறாள். தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, கணினியில் எதையோ தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கிறாள். பட்டம். வங்கிக் கணக்கு. காப்பீடு. ஊரில் போலீஸ் கொடுத்த நன்னடத்தைச் சான்று. ஒவ்வொன்றும் கவிழும்போது நான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. நாச்சிமுத்து சாரின் கடிதம் வருகிறது. அவள் அதை மட்டும் கவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்க்கிறாள்.

"இந்தியாவில் இருக்கிற கம்பெனி."

"ஆமாம்."

"இதில் இருக்கிற தேதி பழையது, கோடையில் கொடுத்தது. ஏதாவது மாறியிருக்கிறதா? இப்போதும் இந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறீர்கள், இல்லையா?"

இதுதான் அந்தக் கேள்வி. காலையிலிருந்து இது வரும் என்று தெரியும். தெரியவில்லை என்பதுதான் உண்மையான பதில், இன்று காலை முதல் கதவு திறக்கவில்லை அம்மா, ஒரு நாள் கொடுங்கள் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். அவள் கோப்பை ஓரமாக எடுத்து வைப்பாள், வேறு தேதி கொடுப்பாள், கொடுக்காமலும் போகலாம், மாதக் கடைசி வந்துவிடும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளையடித்த அறை. நாக்கு அந்த இடத்தைத் திரும்பத் தொடுகிறது. இல்லை என்ற சொல் இந்த மொழியில் எவ்வளவு சின்னது, நம்முடையதைவிடச் சின்னது, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். அவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். எதுவும் மாறவில்லை."

பொய் சொன்னால் முகம் சிவக்கும், கை வியர்க்கும் என்பார்கள். கை காய்ந்து கிடக்கிறது. பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. யார் என்ன கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் அதற்கென்றே அமைந்துபோய்விட்டது. அவள் கடிதத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். "வீட்டிலிருந்தே வேலை. நல்ல வசதிதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியை என் பக்கம் திருப்புகிறாள். விரலை வைக்க வேண்டும். ஆள்காட்டி விரலை வைக்கிறேன். பெட்டி சிவப்பாகிறது, எடுக்கவில்லை. "அழுத்துங்கள்." அழுத்துகிறேன். திரும்பவும் சிவப்பு. அவள் மேசை மேல் கை நீட்டி என் விரலைப் பிடித்து, தன் உள்ளங்கையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, "ரொம்பச் சில்லிட்டிருக்கிறது, அதனால்தான்" என்று சொல்லிப் பெட்டியின் மேல் தானே வைத்து அழுத்துகிறாள். பச்சை. மற்ற விரல்களையும் அப்படியே. கடைசியாக எந்த மனிதர் என் கையைத் தொட்டார் என்று யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, அட்டை தயாரானதும் செய்தி வரும் என்கிறாள். நன்றி சொல்கிறேன். நாற்காலியைத் தள்ளி வைக்கிறேன். அப்பா பெயரை இன்னொரு தடவை சொல்லி வழியனுப்புகிறாள்.

வெளியே வெயில். தெருவோரம் வரிசையாக ஆரஞ்சு மரங்கள், காய் இன்னும் பச்சை, பழுத்தாலும் கசக்கும், யாரும் பறிப்பதில்லை. ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து, போனை எடுக்கிறேன். எடுக்கும்போதே அது தொடர்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. அம்மா, தவறிய அழைப்பு. தாரணி. தாரணி. தாரணி. என் செய்திக்கு இரண்டு டிக். நீலம். நாச்சிமுத்து சாருக்கும் நீலம். படங்கள். முதல் படம் சர்வர் அறை. சர்வர் மேல் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு துண்டுச் சாமந்திச் சரம், அதன் விளக்குகள் எல்லாம் அணைந்து கிடக்கின்றன. இரண்டாவது படத்தில் ஒரு ஜமுக்காளத்தில் வரிசையாக மவுஸ்கள், கீபோர்டுகள், ஸ்டேப்ளர், காபி மெஷின், கடைசியில், படம் எடுக்கத் தாரணி கையில் எடுத்துக்கொண்டது போக, மற்ற எல்லாருடைய செல்போன்களும் அணைத்து, கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அதற்கும் முன்னால் வாழையிலையில் மலையாகப் பொரி. இன்றைக்கு ஆயுத பூஜை. வேலைநாள் இல்லை. கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கும் நாள், அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது, எங்கள் ஆபீசில் சார் சர்வரையே அணைத்துப் பூஜையில் வைப்பார், மறுநாள் காலைதான் எழுப்புவார். எனக்குத் தெரியாததா. நான்கு வருஷம் அந்த சர்வருக்கு நான்தான் பொட்டு வைத்தேன். கல்லூரி நடந்த மாதங்களில் சனிக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்ததால் அந்த நாள் என் பக்கம் வராமலே போயிருக்கிறது, எனக்கும் அது போனது தெரியவில்லை. காலையில் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறேன், தூங்குகிறதை எழுப்புகிற மாதிரி.

மூன்றாவது படம் என் பழைய மேசை. யாரும் உட்காராத நாற்காலி, திரையில் பொட்டு. கீழே தாரணி எழுதியிருக்கிறாள். 'அக்கா சாரி அக்கா இப்பத்தான் போன பூசையிலருந்து எடுத்தோம். உங்க சிஸ்டத்துக்கும் நானே பொட்டு வச்சுட்டேன். சார் உங்களுக்குனு தனியா பொரி எடுத்து வெச்சிருக்காரு, யாரு திங்கறதுனு தெரியல, நானே தின்னுக்கறேன். நாளைக்கு விசயதசமி, ஆஸ்பத்திரி பில்லிங் புது வேலை உங்க தலைமையிலதான் ஆரம்பிக்கறாராம், நல்ல நாளு பாத்துதான் சொல்லோணும்னு இத்தன நாளா வாயக் கட்டிக்கிட்டு இருந்தாரு. நாஞ் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. பேப்பர் குடுத்துட்டீங்களா?' வேலை போகவில்லை. உயர்ந்திருக்கிறது. அப்படியானால் நான் அந்த அம்மாளிடம் சொன்னது பொய் இல்லை. பெஞ்சில் முதுகைச் சாய்த்து, நிம்மதி வரட்டும் என்று காத்திருக்கிறேன். பஸ் ஒன்று வந்து நின்று போகிறது. இன்னொன்று. ஊசி மருந்து இறங்கியதும் கடிபட்ட கன்னம் வலிக்க ஆரம்பிக்குமே, அந்த மாதிரி ஒன்று மெதுவாக வருகிறது, நிம்மதி என்று நினைத்து இடம் விட்டால் அது வேறாக இருக்கிறது. எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. அவர்கள் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று காலையிலிருந்து நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் நடுங்குகிறது. அம்மா. எடுக்கிறேன்.

"அப்பவே கூப்பிட்டேன், எடுக்கலியே."

"உள்ள இருந்தேம்மா."

"பூசை நாளாச்சே, ஒரு வார்த்த சொல்லலாம்னுதான். சாமி கும்புட்டியா?"

"கும்பிட்டேன்."

"எத வெச்சுக் கும்புட்டே?"

"லேப்டாப்ப வெச்சு."

"அது போதும். பொரி கிரி கெடைக்குமா அங்க?"

"கெடச்சுதும்மா. ஒரு கொழந்த குடுத்துச்சு."

அவள் சிரிக்கிறாள். பின்னால் அண்ணன் வண்டியைத் துடைக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கேட்கப்போகிறாள் என்று தெரியும்.

"பேப்பரு?"

"ஆயிருச்சும்மா. எல்லாஞ் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப இனி அங்கதான்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லு அம்மா. போனைக் காதோடு அழுத்துகிறேன், கண்ணாடிப் பெட்டியில் விரலை அழுத்தியது போல. வந்துரு என்று நீ சொன்னால் வந்துவிடுவேன், நானாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"சரி சாமி" என்கிறாள் அம்மா. "நல்லதுதான். மேசைய உங்கண்ணன் கேட்டான், குடுத்தர்றேன். இன்னைக்கு அந்தப் பொட்டிய எடுத்துறாதே. நாளைக்குக் காலைல குளிச்சுட்டு எடு."

வைத்துவிட்டாள். மடியில் பை இருக்கிறது, சூடெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. பையோடு லேப்டாப்பைத் தூக்கிப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைக்கிறேன், ஒரு ஆளை உட்காரவைப்பது போல. நாளைக் காலைவரை இதைத் தொடக் கூடாது. இதைத் தவிர இந்த ஊரில் தொடுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.